பச்சையாய் ஒளிரும் கரி

கொசுவைக் கொல்லும் ஊதா விளக்கைக் கழுத்தருகே பிடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது நவமணிக்குக் கட்டி தெரியவில்லை. நேற்றுக்கூடக் காரை எலும்புக்கு மேலே எலுமிச்சை அளவில், ஊரையே கூட்டுவதுபோல் பச்சையாய் ஒளிர்ந்த கட்டி. இன்று வெறும் தோல்.

வெளியே, ஈப்போ மலைகளையெல்லாம் கரைத்துக் கால்வாயில் விட்டுவிடுவேன் என்று அடம்பிடிக்கும் மழை. ஆஸ்பத்திரியில் கரியைக் கண்ணுக்கே தெரியாத தூளாக்கி அவளுக்கு ஊசியில் ஏற்றியிருந்தார்கள். ஊதா வெளிச்சம் பட்டால் புற்றுநோய் உள்ள இடம் ஒளிரும். அப்புறம் வேறொரு வெளிச்சத்தால் அதைச் சுட்டுவிடலாம்.

"எறும்பு சீனியத் தேடுறாப்ல இது புத்த மட்டுந்தான் தேடும் லா, ஆன்ட்டி," என்றிருந்தார் டாக்டர் கென்னத்.

இன்னும் சுடவே இல்லை. அதற்குள் காணோம்! மாரியம்மன் கண் திறந்துவிட்டாள். பீடோர் பக்கம், ரப்பர் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமாகி ஆளெல்லாம் போன பின்பும் ஒற்றையாய் நிற்கும் கோயிலில், உயிரைக் கொடு, முடியைத் தருகிறேன் என்று நேர்ந்திருந்தாள். போன வெள்ளிக்கிழமை கத்தியைக் கண்டதும் மனசு வரவில்லை. ஐந்து தெருவைக் கூட்டலாம், அவ்வளவு கூந்தல்! மகள் தினேஸ்வரியின் தலையைப் பிடித்து நாவிதர் முன்னால் அழுத்திவிட்டாள்.

"எனக்குப் பதிலா இவள எடுத்துக்க, தாயே."

அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்த பெண் சிரித்தாள். "பரவால்லம்மா. மாப்ள கேட்டா, ஷாம்பு மிச்சம்னு சொல்லிக்கிறேன் லா."

நல்ல சேதியைச் சொல்ல, விளக்கோடு மகளின் அறைக்குப் போனாள். கமுந்திங் தொழிற்சாலையிலிருந்து வந்த களைப்பில் தினேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முடி கருகும் நாற்றம். மழைச் சத்தத்துக்கு அடியில் மண்டையைக் கத்தி வழிக்கும் சத்தம். சரக். சரக். கத்தி எங்கும் இல்லை.

விளக்கை உயர்த்தினாள்.

பச்சை. பிடரியிலிருந்து உச்சிவரை. வேர் வேராய். ஊர்ந்தது.

தினேஸ்வரிக்கு யாரும் ஊசி போடவில்லை.

"ம்மா... தல எரியுதும்மா. லைட்ட எடுங்க."

நவமணியின் கை தன் கழுத்துக்குப் போனது. தடவியது. வழவழப்பு. ஒன்றுமில்லை. மறுபடி தடவியது. ஒன்றுமே இல்லை.

விளக்கை அணைத்தாள்.

இருட்டில் பச்சைத் தலை மெல்ல எழுந்து உட்கார்ந்தது. அதன் வெளிச்சத்தில், நிலைக்கண்ணாடிக்குள், நவமணி சிரித்துக்கொண்டிருந்தாள்.