நின்று நின்று ஓடிய கம்ப்யூட்டர்

ஜெசிந்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போதெல்லாம் உம்மு ஹானிக்கு வயிறு எரிந்தது.

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது அந்த ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். மெட்ராஸில் ஒரு கம்பெனி புதிது வாங்கியபோது பழையதைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டது. அறிவியல் ஆசிரியர் சம்பந்தம் சார் அதை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். திருப்பாலைவனம் தாண்டியதும் ஒவ்வொரு குழிக்கும் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாராம்.

ஏழாம் வகுப்பில் கணக்கில் ஹானிதான் எப்போதும் முதல். அதனால் கம்ப்யூட்டரை இயக்கத் தன்னைத்தான் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தாள். ஆனால் சார் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். ஜெசிந்தாவின் சித்தப்பா பொன்னேரியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பவர். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவள் விரலுக்கே தெரியும். அவள் தட்டத் தட்டப் பச்சை எழுத்துகள் திரையில் ஓடும். எல்லோரும் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஹானி மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கண் என்னவோ திரையில்தான் இருக்கும்.

சில வாரம் கழித்து கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று எழுத்துகள் அப்படியே நின்றுவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி ஓடும். ஒரு நாள் ஒன்றுமே ஆகாது. மறுநாள் இரண்டு தடவை நிற்கும்.

ஹானிக்கு உள்ளுக்குள் குஷி. ஜெசிந்தாதான் முரட்டுத்தனமாகத் தட்டிக் கெடுக்கிறாள் என்று காட்ட வேண்டும். அதற்காக, ஒவ்வொரு தடவை நின்றபோதும் என்ன நடந்தது என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

ஆனால் அந்தப் பக்கம் வேறு கதை சொன்னது.

'திங்கள். ஜெசிந்தா ரிப்பன் கட்டினாள். சார் மேஜையில் சாய்ந்து பார்த்தார். நின்றது.'

'புதன். ஜெசிந்தா தும்மினாள். இரண்டு கையும் மூக்கில். சார் குனிந்து முழங்கை ஊன்றினார். நின்றது.'

ஜெசிந்தா அதைத் தொடக்கூட இல்லை. ஹானி நோட்டை மூடிப் பைக்குள் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தலைமையாசிரியை வந்து, நாளையும் இப்படி நின்றால் கம்ப்யூட்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சார் முகம் வாடிப்போயிற்று. ஜெசிந்தா அழுத்தித் தட்டுகிறாளோ என்று அவருக்கும் சந்தேகம். இனி ஹானி உட்காரட்டும் என்றார். ஜெசிந்தா கடைசி பெஞ்சுக்குப் போய்க் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

ஆசைப்பட்ட நாற்காலி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஹானி அதில் உட்கார்ந்தாள். இன்னும் சுவிட்ச் போடாத கறுப்புத் திரையில் கடைசி பெஞ்ச் தெரிந்தது. ஜெசிந்தா சிவந்த கண்ணோடு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஹானியால் சுவிட்சைக்கூடப் போட முடியவில்லை. எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தாள்.

"சார், ஜெசிந்தா மேல தப்பு இல்ல. நின்னப்ப எல்லாம் அவ கை அதுமேலயே இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

சார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "எல்லா வரியிலயும் நான் இருக்கேனே?"

"நீங்க சாயும்போதுதான் சார் நிக்குது."

வகுப்பு சிரித்தது. சார் நல்ல கனமான ஆள். சோதித்துப் பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டுவிட்டு, யாரும் எதையும் தொடாமல் சார் மட்டும் மேஜையில் சாய்ந்தார். ஓடியது. மறுபடி சாய்ந்தார். அப்போதும் ஓடியது. மூன்றாவது தடவை எழுத்துகள் நின்றுவிட்டன.

உள்ளே ஏதோ சரியாக ஒட்டாமல் இருக்கிறது என்றார் சார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பச்சை அட்டைகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒன்று மட்டும் ஆடியது. அதை உருவிப் பார்த்தால், அடி ஓரத்தில் பளபளக்க வேண்டிய உலோகப் பட்டைகள் அழுக்கேறி மங்கியிருந்தன.

ஹானியின் வாப்பா ஏரிக்கு நடுவில் இருக்கும் பசியாவரத்துக்குப் படகு ஓட்டுபவர். அந்த உப்புக் காற்றில் அவருடைய டார்ச்சுக்குள் இப்படித்தான் களிம்பு பிடிக்கும். விட்டு விட்டு எரியும். அதைச் சுத்தம் செய்வது ஹானியின் வேலை.

"ரப்பரால மெதுவா தேச்சா போயிடும் சார்."

ஜெசிந்தா தன் வாசனை ரப்பரை எடுத்து வந்து நீட்டினாள். ஒரு பக்கத்தை அவள் தேய்த்தாள், மறுபக்கத்தை ஹானி.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று மெல்லக் கேட்டாள் ஜெசிந்தா.

"நீ அங்க உக்காந்தது எனக்குப் புடிக்கல."

ஜெசிந்தா பட்டைமேல் இருந்த ரப்பர்த் துகளை ஊதினாள். "கணக்குல நீ முதல் வர்றப்ப எனக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அட்டையை அழுத்திச் செருகி சுவிட்சைப் போட்டார்கள். சார் இரண்டு முழங்கையும் ஊன்றிச் சாய்ந்தார். கிட்டத்தட்ட படுத்தே விட்டார். எழுத்துகள் நிற்கவில்லை.

மாலையில் தலைமையாசிரியை வந்தபோது, இருவரும் அந்த நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஹானி பெரிய பெரிய கணக்குகளாகச் சொன்னாள், ஜெசிந்தா தட்டினாள். ஒரு விடைகூடத் தப்பாகவில்லை. திருப்பி அனுப்பும் பேச்சையே தலைமையாசிரியை எடுக்கவில்லை. கடைசி மணி அடித்தும், வகுப்பில் ஒருவரும் பையை எடுக்கவில்லை.