குண்டுவின் தட்டு

குண்டு நிதானமாகச் சாப்பிடும் பூனை அல்ல. தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்குள் பாதியை விழுங்கிவிடும். இன்றோ மூடிய படுக்கையறைக்குள்ளிருந்து, யாரோ சாவகாசமாக உட்கார்ந்து ருசித்து நக்குவதுபோல, நீண்டு நீண்டு சத்தம் வந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த அவருக்கு அது ஏனோ பிடிக்கவில்லை.

வீட்டில் மூன்று பூனைகள், மூன்று பத்தியம். மூத்த பூனை கிழவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதால் மருத்துவர் சொன்ன சப்பென்ற உணவு, சமையலறையில். பொடிசு வளரும் குட்டி. அதற்குக் கொழுத்த உணவு, குளியலறையில். சர்க்கரை வியாதிக்காரக் குண்டுவுக்குப் படுக்கையறை. ஒன்றின் தட்டில் இன்னொன்று வாய் வைத்தால் வினை என்பதால் கதவுகளைச் சாத்திவிட்டுத்தான் பரிமாறுவார்கள். தட்டு காலியானதும் குண்டுவுக்கு இன்சுலின் ஊசி. வெறும் வயிற்றில் போட்டால் உயிர் போய்விடும். கரணம் தப்பினால் மரணம்தான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் மனைவி பிள்ளையாக வளர்த்த பூனை அது. நர்ஸான அவள் மாலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, முதன்முறையாக ஊசியை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்கள நம்பித்தான் போறேன்."

"போம்மா. பூனைக்கு ஊசி போடத் தெரியாதா எனக்கு?"

சத்தம் ஓய்ந்ததும் கதவைத் திறந்தார். மழை மூட்டத்தில் அறை மங்கியிருந்தது. மூடியே கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாடை. தட்டு கழுவிக் கவிழ்த்த மாதிரி பளபளத்தது. குண்டு பீரோவின் மேல் முடி சிலிர்க்க ஒடுங்கி, கட்டிலுக்கு அடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊசின்னா அவ்ளோ பயமாடா?" என்று சிரித்தபடி இறக்கி, கழுத்துத் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டார். கீழே விடப்போனபோது அது அவர் தோளில் நகங்களைப் பதித்து விட மறுத்தது. பிய்த்து எடுத்து அறைக்குள்ளேயே வாசலருகே விட்டு, வழக்கம்போல் கதவைச் சாத்தினார்.

இருட்டியபின் மின்சாரம் போயிற்று. அந்த நேரத்தில்தான் மனைவி போன் செய்தாள்.

"குண்டு சாப்டுச்சா?"

"தட்ட வழிச்சு நக்கியாச்சு. ஊசியும் போட்டாச்சு."

"தட்டு கிடக்கட்டும். அது சாப்பிட்டத நீங்க பாத்தீங்களா?"

அவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டார். அதன் வெளிச்சத்தில் படுக்கையறைக் கதவைத் திறந்தார். குண்டு எழுந்து வரப் பார்த்தது. கால்கள் பின்னின. பக்கவாட்டில் சரிந்தது.

"தள்ளாடுதும்மா… விழுந்துடுச்சு…"

"ஐயோ! தேன எடுத்து ஈறுல தடவுங்க. ஓடுங்க!"

ஓடினார். சமையலறையில் கிழவன் சுவரோடு ஒட்டி நின்று உறுமியது. தேன் பாட்டிலைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இருட்டில் தடவியபடி திரும்பினார். வாசலருகே துழாவினார். கைக்கு எதுவும் படவில்லை. கட்டிலுக்கு அடியில் மெல்லிய மூச்சு கேட்டது. பாவம், அங்கே ஊர்ந்து போயிருக்கிறது. மண்டியிட்டுத் தேன் விரலை உள்ளே நீட்டினார்.

ஒரு நாக்கு விரலைத் தொட்டது. நக்கியது.

"நக்குதும்மா! நக்குது!" அவர் அழுதேவிட்டார்.

"கடவுளே… இன்னும் குடுங்க." அவளும் அழுதாள்.

இன்னும் ஊற்றினார். விரல்கள். உள்ளங்கை. மணிக்கட்டு. அவசரமே இல்லாமல் நக்கியது. இதமான சூடு. வழுவழுப்பு.

வழுவழுப்பு.

பூனை நாக்கு அரம்போலச் சொரசொரக்கும். இது அப்படி இல்லை. அகலமாகவும் இருந்தது.

மின்சாரம் வந்தது.

அவர் முழங்காலுக்குப் பின்னால், சுவரோரம், குண்டு விறைத்துக் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. அவர் கை முழங்கைவரை கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்தார். வரவில்லை.

"என்னங்க," சட்டைப் பையிலிருந்து அவள் குரல், "இன்னும் நக்குதா?"

நக்கிக்கொண்டுதான் இருந்தது.