நான்கு கிராம் குறைந்த காலை

காலை ஏழு மணிக்குத் தென்கடல் குடியரசின் எடைக்கூடம் வழக்கம்போல் திறந்தது. நாட்டிலுள்ள செறிவூட்டிய யுரேனியம் முழுவதும் அங்கேதான் இருந்தது. தினமும் அதை எடைபோட்டு, நேரலையில் உலகத்துக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு சாவி எடை அதிகாரி இளவெயினியிடம். இன்னொன்று பகை நாடான வடதீவின் கண்காணிப்பாளர் தெரோனிடம். எதிரி கையில் சாவி கொடுத்த பைத்தியக்கார நாடு என்று கேலி பேசாதவர் இல்லை. கேட்கக் கேட்க இளவெயினிக்குப் பெருமைதான்.

போன வாரம் வடதீவு அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. நாமும் செய்வோம் என்று இங்கே தெருவெங்கும் கூச்சல். இன்றைக்கென்று பார்த்துத் தராசில் நேற்றையதைவிட நான்கு கிராம் குறைந்தது. அந்த எண் அவள் திரையிலும் அமைச்சரின் திரையிலும் மட்டும் தெரிந்தது. பதுக்கிவிட்டார்கள் என்று படையெடுக்க வடதீவுக்கு வேறென்ன சாக்கு வேண்டும்?

நேரலை தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது காதுக்கருவியில் அமைச்சர் பதறினார். "தராசு பழுதுன்னு சொல்லிக் கதவைச் சாத்துங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

"இன்னிக்குச் சாத்தினா நாளைக்கும் சாத்தணும் ஐயா. குண்டு செஞ்சவங்க எல்லாரும் முதல்ல கதவைத்தான் சாத்தினாங்க. உள்ள என்ன நடக்குதுன்னு அவங்க ஜனங்களுக்கே தெரியல. அதனாலதானே குண்டே வேணாம்னு நாம ஓட்டுப் போட்டோம்?"

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும் ஐயா."

அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். "நான்கு கிராம் குறைகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை."

தெரோன் தன் சாவியோடு எழுந்தார். இருவரும் யுரேனியக் குடுவைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்பதாவது குடுவையைத் தொட்டதும் இளவெயினி வாய்விட்டுச் சிரித்தாள். நேற்று ஆயுத பூஜை. ஊழியர்கள் குடுவைகளுக்கெல்லாம் சந்தனம் அப்பிய பிறகுதான் எடை போட்டிருக்கிறார்கள்; எடை கூடினால் யாரும் பயப்படுவதில்லை என்பதால் நேற்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரம் காய்ந்து எடை குறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தபோது, முந்தாநாள் எடை அப்படியே வந்தது.

தெரோன் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருடமாக இங்கே இருப்பவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"உங்க தலைநகரம் இதை நம்புமா?" என்றாள்.

"நம்பும். குறையுதுன்னு நீங்களேதானே சொன்னீங்க." பேனாவை மூடி வைத்தார். "எங்க நாட்டுல எவ்வளவு வெச்சிருக்கோம்னு எனக்கே தெரியாதும்மா. கேக்கவும் முடியாது."

இளவெயினி தராசை மூடினாள்.

"என் மனைவி அங்க தினமும் உங்க நேரலையைப் பாப்பா. நீங்க எடையை வாசிச்சு முடிச்சாத்தான் பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா."