கட்டைவிரல் நகம்

அவள் உயிர் ஒரு பழைய தேக்கு மேசையின் விலைக்குப் போயிற்று. அதையும் அவள் கணவரான வியாபாரி ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் எடுத்தார்.

மனைவியை அடக்கம் செய்துவிட்டு மகளோடு வீட்டைத் திறந்தபோது பிற்பகல். ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. கூடத்தில் அந்த மேசை, கட்டிய கயிறு அவிழ்க்காமல். படுக்கையறையில் வலித்தைலத்தின் வாசனை, யாரோ இப்போதுதான் தேய்த்துக்கொண்ட மாதிரி.

பழைய சாமான் வாங்கி விற்பவர் அவர். கடையில் அவரிடம் பொய் விலைபோகாது. "கேட்டதுக்கு மேல பதில் சொல்றவன் புளுகுறான்" என்பார். மனைவியிடம் அந்தச் சூத்திரம்கூட வேண்டியதில்லை. அவள் பொய் சொன்னால் கட்டைவிரல் நகம் கைக்கு எட்டியதைச் சுரண்டும். கல்யாணமான புதிதில், "நான் அழகா இருக்கேனா?" என்று கேட்டார்.

"ராஜா மாதிரி இருக்கீங்க" என்றாள். நாற்காலியின் பாலிஷ் அன்றைக்கே போயிற்று.

ஏலத்தன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "நெஞ்சு இன்னும் வலிக்குதா?"

"இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க."

கட்டில் சட்டத்தில் நகம் கரகரத்தது. அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

போனார். மேசையோடு திரும்பியபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது மகள் அதே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையாப்பா?"

"சொல்லவே இல்லம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏலமாவது மண்ணாவதுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். வண்டிகூட வாசல்லதான் நின்னுச்சு, பெட்ரோல் போட்டு..."

மகள் அவரையே பார்த்தாள். வியாபாரி வீட்டுப் பெண்ணாயிற்றே. கேட்டதற்கு மேல் வந்த பதிலை அங்கேயே போட்டுவிட்டு, எழுந்து வெளியே போனாள்.

அறையில் அவர் மட்டும்.

தைல வாசனை நெருங்கி வந்தது.

மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது.

"நீயா?" மெத்தை அமுங்கிய பக்கம் திரும்பினார். "இன்னும்... வலிக்குதா?"

காதோரம், சில்லென்று, பழகிய குரல்.

"இல்லைங்க."

கர்ர்...

கட்டில் சட்டத்தை விரலால் தடவினார். பழைய கீறல் ஒன்று. அதன் பக்கத்திலேயே, தூள்கூட உதிராத புதுக் கீறல் ஒன்று, அவர் விரல் நுனியை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

அந்தக் கட்டிலில் அவருக்காக அவள் சொன்ன பொய் இரண்டு. தனக்காக அவர் சொன்னது ஒன்று. மகளிடம் அவர் சொல்லாத உண்மையைப் பாக்கியாகக் கேட்டு நகம் நிற்காமல் சுரண்டிக்கொண்டிருந்தது.