படலையில் கட்டிய வேப்பிலை

"உள்ளுக்கு வராதேங்கோ. அம்மாள் வந்திருக்கிறா."

வேலிப் படலைக்குள் நின்ற விமலேஸ்வரியின் குரலில் கோபத்தைவிடப் பயமே கூடுதலாக இருந்தது.

வெளியே நின்றவன் தவராசா, புதுக்குடியிருப்பு மருந்துச்சாலையில் வருத்தம் பார்த்து மருந்து கொடுக்க வந்திருந்த புது அப்போதிக்கரி. வழியில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட, கை கழுவத் தண்ணீர் கேட்க வந்தவன். அம்மை கண்ட வீட்டின் அடையாளமாகப் படலையில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை அப்போதுதான் கண்டான். அதற்கு மேலே அவளுடைய கண்கள்... நித்திரை காணாத, பெரிய, கறுத்த கண்கள். தண்ணீர் கேட்க மறந்துபோனான்.

உள்ளே யாரோ விடாமல் இருமினார்கள். வறட்டு இருமல்.

"ஆருக்கு வருத்தம்?"

"அப்பாவுக்கு. இண்டையோட அஞ்சு நாள்."

"முத்துப் போட்டதோ?"

"இல்லை... இனித்தான் போடுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்."

"திடீரெண்டு குளிரோட காய்ஞ்சதோ? தலையிடி, தொண்டை நோ, அடிச்சுப்போட்ட மாதிரி உடம்பு உளைவு?"

"ஓம்... எல்லாம் இருக்கு."

"அம்மாள் எண்டால் இதுக்குள்ள முத்துத் தெரியும். மலேரியா எண்டால் நடுங்கி, வேர்த்து, விட்டு விட்டு வரும். இது இன்புளுவென்சா. எல்லா இடமும் பரவுது."

அம்மாள் இருக்கும் வீட்டில் மருந்து எடுக்கவோ வெளியாளை உள்ளே விடவோ கூடாது என்று படுக்கையில் விழுந்த அன்றே வீரகத்தியர் மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். தாயில்லாத வீடு. அப்பாவும் போய்விட்டால் அவளுக்கு யாருமில்லை.

தவராசாவின் குரல் தணிந்தது. "என்ர தங்கச்சியும் வைகாசியில இப்பிடித்தான் கிடந்தவள். நான் மலேரியா எண்டு குயினைன் குடுத்தனான். மூச்சு இழுக்கேக்கதான் விளங்கினது... பிந்திப்போச்சு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு படலையைத் திறந்து, வேப்பிலையை அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"அது இருக்கட்டும். யன்னலைத் திறந்து விடுங்கோ. சுடுதண்ணி அடிக்கடி குடுங்கோ. மூச்சு வேகமாய் வாங்கினால் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்."

அடுத்த ஐந்து நாளும் சைக்கிள் சங்கிலி அதே படலையடியில்தான் கழன்றது.

ஆறாம் நாள் வீரகத்தியர் எழுந்து உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் கறுத்தது. "சத்தியத்தை மீறிப்போட்டாய். இனி அவன் படலை தாண்டக் கூடாது." அவள் அதை அவனுக்குச் சொல்லியனுப்பிவிட்டு அழுதாள்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் படலைக்கு வெளியே நின்றான். கண் சிவந்து நீர் வடிந்தது.

"அப்பா எப்பிடி எண்டு கேக்கத்தான்..." என்றவன் இருமினான்.

"திடீரெண்டு குளிரோட துவங்கினதோ?"

"தூசி..."

"தலையிடி? உடம்பு உளைவு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம்."

"இந்தக் காய்ச்சலோட ஏன் வந்தனீங்கள்?"

"சங்கிலி அண்டைக்கு மட்டுந்தான் தானாய்க் கழண்டது. மற்ற நாளெல்லாம் நானே கழட்டினனான். அதைச் சொல்லாமல் படுக்க மனம் வரேல்லை."

அவள் கண்கள் நிறைந்தன.

"நீங்கள் வராத ரண்டு நாளும் எனக்கும் சோறு இறங்கேல்லை, நித்திரை இல்லை. இருமல் மட்டுந்தான் இல்லை. நீங்கள் இல்லாமல் என்னால இருக்கேலாது."

பின்னால் காலடி கேட்டது. வீரகத்தியர். எல்லாம் கேட்டிருந்தார். தவராசாவின் சிவந்த கண்களைப் பார்த்தார். காய்ந்துபோன வேப்பிலையை ஒரு கும்பிடு போட்டு அவிழ்த்து, படலையைத் திறந்தார்.

"உள்ளுக்கு வாரும் தம்பி," என்றவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, யன்னலைத் திறந்து விடு. சுடுதண்ணி வை."