மப்ளர் போட்டுப் பிடித்த இடம்

பாமா கதிரையில் மடித்து வைத்த மப்ளர் நசுங்கிக் கிடந்தது. யாரோ அதன்மேல் உட்கார்ந்திருந்தது போல. ஆனால் முன்வரிசைக்கு ஒருவரும் வரவேயில்லை.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பழைய சலவைக்கடை ஒன்றைத் தாவோ கோயிலாக்கியிருந்தார் வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த சீனப் பெண்மணி லாம். சாமி யாருடையதாக இருந்தால் என்ன, சோறு எல்லோருக்கும் உண்டு. துருக்கியர், தமிழர், வேலையிழந்த ஜெர்மன்காரர் என்று அந்தத் தெருவில் பசித்தவர் எல்லோரும் ஏறிய படி அது. அன்று, 2010 ஆவணியில், அங்கே பேய்களுக்கான விருந்து. மாலையே வந்த பாமா, நம் சனத்துக்கே உரிய கெட்டித்தனத்தோடு, முன்வரிசையில் மப்ளரைப் போட்டு மச்சாளுக்கு இடம் பிடித்துவிட்டாள்.

மப்ளர் அவள் கணவன் நித்தியானந்தனுடையது. தாயைக் கூட்டிவர இலங்கையில் வன்னிக்குப் போனவன், போரோடு காணாமல் போனான். போர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் தகவல் இல்லை. பாமா குங்குமப் பொட்டை விடவில்லை.

அவனுடைய அக்கா, அந்த மச்சாள் கமலநாயகி, வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள். "இன்னும் எத்தினை நாளைக்கு இந்தப் பொட்டு? தம்பிக்குச் செய்யவேண்டிய அந்தியேட்டியைச் செய்வம், பாமா."

"ஆர் செத்தது மச்சாள்? அவர் வருவார்."

கூடப்பிறந்தவனைச் சாகடிக்க இவளுக்கு என்ன அவசரம்?

அப்போது லாம் பதறி வந்தார். முன்வரிசை மனிதருக்கு அல்ல, சோறு வைக்க ஆளில்லாமல் செத்தவர்களுக்கு, மப்ளரை உடனே எடு என்றார்.

ஊதுபத்திப் புகை அடர்ந்து, மேளம் ஒரே சீராக அதிர்ந்து, மெழுகுதிரிகள் காற்றில்லாமலே சாய, பாமாவின் மூக்கில் ஏறியது பத்தி வாசனை அல்ல, வன்னிக் கடல்நீரேரியின் உப்புச் சேற்று நாற்றம். அவள் மப்ளரைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. மேலே பாரம்.

கதிரை மெத்தை அமுங்கியே இருந்தது. கீழே தண்ணீர் சொட்டியது. மேளம் நின்றது.

இடம் பிடித்தது மச்சாளுக்கு. வந்து உட்கார்ந்தது யார்?

மப்ளர் அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தது. வெறும் காற்றில் ஒரு கழுத்தைச் சுற்றியது. இரண்டு நுனியும் இடப்பக்கம். அவன் கட்டுவது அப்படித்தான்.

"இஞ்சாருங்கோ," என்றாள் பாமா.

மப்ளர் அவள் பக்கம் திரும்பியது.

நெற்றியில் ஈரமான விரல் ஒன்று பட்டது. குளிர்ந்த விரல். ஆறுதலாக, ஒரு துளி மிச்சமில்லாமல், பொட்டை அழித்தது.