அலமாரி மேல் பச்சை விளக்கு

அப்பா கத்தவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். எஞ்சின் இரைச்சலை ஜெயித்தே பழகிய தொண்டை. "உங்கப்பாவுக்குப் போன் எதுக்குடி, ஜன்னலைத் திறந்து வச்சா போதாதா?" என்று ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரி மகளைக் கிண்டலடிப்பாள். இன்று அந்தக் குரல் பஞ்சில் சுற்றியதுபோல வந்தது.

"சொல்லும்மா."

"நெட் வந்துச்சாப்பா?"

"இன்னும் இல்ல. நீ சொல்லு, செய்யறேன்."

இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் மகளுக்கு வேலை. நாளெல்லாம் ஊரார் வீட்டு ரவுட்டருக்குப் போனிலேயே வைத்தியம். காலையில் அப்பா கூப்பிட்டபோது மட்டும் நேரமில்லை. "நீங்களே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா, சாயந்திரம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள். நெட் இல்லையென்றால் ஹால் கேமராவும் இல்லை. அம்மா போன பிறகு அதன் வழியாகத்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறாள். அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் கையாட்டுவார், அவள் பார்க்காத நேரங்களிலும்.

ஆபீஸ் மாடிப்படிக்கு வந்து நின்றாள். வேலை முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து பினாயில் வாடையும், வாளி இழுபடும் சத்தமும், எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் முனகலும் ஏறி வந்தன.

"பின்னாடி ஸ்விட்ச் இருக்கும்ப்பா. அழுத்துங்க."

"அழுத்திட்டேன்."

உடனேயா?

ரவுட்டர் இருப்பது அலமாரி உச்சியில். 'உயரத்துல வச்சாத்தான் சிக்னல் நல்லா வரும்' என்று அங்கே வைக்கச் சொன்னதே அவள்தான். ஸ்டூல் போட்டு ஏறவேண்டும். ஏறும்போது முழங்கால் வலிக்கு ஒரு 'அப்பாடி', ஸ்டூலின் ஆட்டங்காணும் காலின் கடகடப்பு, தலைக்கு மேல் மின்விசிறியின் கிரீச். எதுவும் கேட்கவில்லை. அவர் மூச்சுகூட.

"ஸ்டூல் மேலயா நிக்கறீங்க?"

"இல்லம்மா. இப்ப ஸ்டூல் வேணாம்."

"எட்டுதா?"

"எட்டுது."

கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது.

"லைட் என்ன கலர்ப்பா?"

"செவப்பு. இரு... பச்சை வந்துடுச்சு. இப்ப பாரும்மா. நீ பாப்பேன்னுதான் காலையிலேர்ந்து..."

ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சை வெட்டாமலே கேமராவைத் திறந்தாள்.

ஹால்.

பிரிக்காத காலைப் பேப்பர். கவிழ்ந்த ஸ்டூல்.

பக்கத்தில் அப்பா. குப்புற.

ஒரு கை கேமராப் பக்கம் நீண்டிருந்தது. அசையவில்லை.

அவர் போன் மேஜையில். சார்ஜரில். திரை கறுப்பு.

அலமாரி உச்சியில் பச்சை.

"தெரியறேனாம்மா?"

வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதால் அவருக்குக் கேட்டுவிடும். விரல் சிவப்புப் பொத்தான் பக்கமே போகவில்லை. என்றைக்கும் அவர் முதலில் போனை வைத்ததில்லை. அவள் வைத்தால்தான் உண்டு. வைத்துவிட்டால்?

"தெரியறீங்கப்பா."

"சரி, நீ வை. வேலை இருக்கும்."

"இல்லப்பா. பேசுங்க. எதாவது பேசிட்டே இருங்க."

குரல் இன்னும் மெதுவாக வந்தது: "அவசரத்துல ஓடி வருவ. தடுக்கி விழுந்துடுவ. ஸ்டூலை ஓரமா வச்சிடறேன்."

திரையில் அப்பா அப்படியே கிடந்தார்.

அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலின் ஒரு கால் தரையை விட்டு மெல்ல எழும்பியது.